அழைத்தவர் யார்? இந்தியாவுக்கு வரும் அயல்நாட்டுத் தன்னார்வலர்கள்

இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகளான மெடலின் ஸ்லேட், ரொமெய்ன் ரொலான் எழுதிய காந்தி வரலாற்றைப் படித்த வேகத்தில் இந்தியாவுக்குக் கப்பலில் இடம் பிடித்துவிட்டார். பிறகுதான் யோசித்தார். இப்படியே போய் இறங்கினால் யாருக்கு என்ன பயன்? பயணத்தை ஓராண்டு தள்ளிப்போட்டார். அந்த ஓராண்டில் இறைச்சியையும் மதுவையும் விட்டார்; நூற்கக் கற்றார்; சம்மணமிட்டு உட்காரவும் தரையில் படுக்கவும் உடம்பைப் பழக்கினார்; உருது படித்தார். தான் நூற்ற கம்பளி நூலின் மாதிரியைக் காந்திக்கு அனுப்பி, ஆசிரமத்துக்கு வரலாமா என்று கேட்டார். ஆசிரம வாழ்க்கை சுகமாக இருக்காது என்று எச்சரித்துவிட்டு, வரச் சொன்னார் காந்தி. 1925 நவம்பரில் பம்பாயில் இறங்கி, சபர்மதிக்குப் போய் மீராபென் ஆனவர் அவர்.

இன்று அந்த ஓராண்டுக்கு அவசியமில்லை. இணையத்தில் படிவம் நிரப்பினால் சில நாட்களில் இ-விசா வந்துவிடும். கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இந்தியாவில் சேவை, நடுவில் ஒரு வார இறுதியில் தாஜ்மகால் என்று தொகுப்பாக விற்கும் முகமைகள் இருக்கின்றன. வருகிறவர்களின் மனதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள். சேமித்த காசைப் போட்டு வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்கள் செய்யும் வேலையை யார் கேட்டார்கள்? எவ்வளவு நாளைக்கு? நூறாண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால், ஒரு தன்னார்வலரால் இங்கே பயன் விளைந்ததா இல்லையா என்பதை அவருடைய இரக்கத்தைவிட இந்த இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன.

1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. நிலமட்டம் மாறியதால் பழைய கிராமங்களில் வெள்ளம் தேங்கத் தொடங்கியது. அங்கே வந்தவர் பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல், பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றை மண்வெட்டி பிடித்துக் கட்டியெழுப்பப் போனவர்களின் தலைவர்; பன்னாட்டுத் தன்னார்வத் தொண்டு இயக்கமான சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனலைத் தொடங்கியவர். பீகாரில் அவரும் சில ஐரோப்பியத் தோழர்களும் முசாபர்பூர் பகுதியில் மேட்டு நிலங்களில் புதிய கிராமங்கள் அமைக்கும் பணியில் இறங்கினார்கள். நிவாரணத்தை நடத்திக்கொண்டிருந்த ராஜேந்திர பிரசாத்தோடும் பேசினார்கள், பிரிட்டிஷ் அதிகாரிகளோடும் பேசினார்கள். அந்த இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பாத காலம் அது.

இந்தச் சம்பவத்தில் என்னைக் கவர்வது வேறொன்று. பீகாரில் மண் சுமக்க ஆளுக்கா பஞ்சம்? உழைப்பு அங்கே மிக மலிவாகக் கிடைத்த சரக்கு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சுவிஸ் பொறியாளர் கூடை தூக்குவதால் ஒரு கிராமம் சீக்கிரம் எழும்பிவிடாது. ஆனால் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்போல் தோற்றம் கொண்ட ஒருவர் வெயிலில் கூலியாட்களோடு நின்று மண் வெட்டுவது, 1930களில் யாரும் பார்த்திராத காட்சி. படித்தவன் மண்ணைத் தொட மாட்டான் என்ற நம்மூர் வழக்கத்துக்கும் அது ஒரு குட்டு. ஆக, செரெசோலின் பயன் அவர் வெட்டிய மண்ணின் கன அளவில் இல்லை. பின்னால் வந்தவர்கள் பலர் அவருடைய மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அர்த்தம் கொடுத்த சூழல் 1947க்குப் பிறகு மறைந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இருவர்: மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊர் மக்கள் முதலாமவரைப் பெரியண்ணன் என்றும் இரண்டாமவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் சின்னண்ணனாக இருக்கச் சம்மதித்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. அமெரிக்கரான ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் மதுரைப் பக்கம் பணிசெய்ய வந்து, காந்தியோடு நெருங்கியதற்காக ஆங்கில அரசால் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு, மறுபடி வந்து, காந்திகிராமத்தோடு தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். 1945இல் தொழுநோய் இல்லங்களில் கட்டட வேலைக்காக வந்த லாரி பேக்கர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். இங்குள்ளவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துப் படித்தே கட்டடக் கலைஞராகப் பேர் வாங்கினார். இவர்கள் யாரையும் இன்றைய பொருளில் தன்னார்வலர் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போகும் தேதியை முன்கூட்டியே முடிவு செய்து வந்தவர்கள் இல்லை அவர்கள்.

திரும்பும் தேதியோடு வந்த முதல் பெரிய அலை, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர். அதிபர் கென்னடி 1961 மார்ச்சில் அதைத் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் குழு பஞ்சாபுக்கு வந்துவிட்டது. 1976இல் இந்தியத் திட்டம் மூடப்படும்வரை ஆயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் இங்கே இரண்டிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து போனார்கள். பலர் கல்லூரியில் வரலாறோ இலக்கியமோ படித்து, சில மாதப் பயிற்சியில் கோழி வளர்ப்புக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு வளர்த்தவர்களிடம் போய், கால்நடை வளர்ப்புப் பற்றி இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி பேச வேண்டும்! இருந்தும் ஒரு விஷயத்தில் பீஸ் கோர் சரியாக இருந்தது. வருகிறவர் எந்த மாநிலத்துக்குப் போகிறாரோ அந்த மொழியை முதலில் கற்க வேண்டும். இரண்டு ஆண்டு என்பது குறைந்த காலமும் இல்லை. முதல் ஆண்டு குளறுபடியில் போனாலும் இரண்டாம் ஆண்டு மிஞ்சும்.

அந்த அலையில் வந்தவர்களில் பேர் பெற்றவர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1966இல், 68 வயதில், பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்புக்கு வந்தார். அனுப்பப்பட்டது குடும்பக்கட்டுப்பாட்டு வேலைக்கு. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பயிற்சி பெற்ற செவிலி. அங்கிருந்த மருத்துவமனைக்கு மாறிக்கொண்டார். அனுப்பியவர்கள் போட்ட திட்டம் ஒன்று, அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்று, அந்தக் குடியிருப்புக்குத் தேவைப்பட்டது மூன்றாவது. பின்னிரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்ததால் அவருடைய காலம் வீணாகவில்லை. இப்படிச் சந்திப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம்.

1968இல் மெக்சிகோவின் குவர்னவாக்காவில் சிந்தனையாளர் ஈவான் இல்லிச் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, வராதீர்கள் என்று ஓர் உரை நிகழ்த்தினார். சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். இன்றுவரை இந்த விவாதத்தில் அதைத் தொடாமல் யாரும் பேசுவதில்லை. அதை நான் முழுக்க ஏற்பதில்லை. அப்படியே எடுத்துக்கொண்டால் லாரி பேக்கரையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். முதல்முறை இந்தியாவுக்குத் தொண்டு செய்ய வருகிறவர் பல வாசல்களில் ஒன்றின் வழியாக வருகிறார். ஜெர்மனி 2008 முதல் நடத்தும் ‘வெல்ட்வெர்ட்ஸ்’ போன்ற அரசுத் திட்டங்கள் 18 முதல் 28 வயதுக்காரர்களைப் பயிற்சி கொடுத்து, பெரும்பாலும் ஓராண்டுக்கு அனுப்புகின்றன. புலம்பெயர்ந்த இந்தியர்களின் பிள்ளைகளையும் அமெரிக்க இளைஞர்களையும் பத்து மாதத்துக்கு இந்தியத் தொண்டு நிறுவனங்களில் அமர்த்தும் திட்டத்தை, 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் உருவான அமெரிக்கன் இந்தியா ஃபவுண்டேஷன் நடத்திவருகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு அழைத்து வரும் முகமைகள் இன்னொரு பக்கம். யாரிடமும் சொல்லாமல் முதுகுப்பையோடு நேரே வந்து கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. அப்படித் தட்டுகிறவர்களுக்கு இந்தியாவிலேயே மிகப் பிரபலமான கதவு கொல்கத்தாவில் இருக்கிறது.

அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டியில் தன்னார்வலராகச் சேர முன்னனுபவம் கேட்பதில்லை. பதிவு செய்துகொண்டு, அதிகாலையில் தலைமை இல்லத்துக்குப் போனால் ரொட்டித் துண்டு, வாழைப்பழம், டீ. அதை முடித்துக்கொண்டு ஜப்பானியர், ஸ்பானியர், கொரியர் என்று கலந்து கிடக்கும் கூட்டம் பஸ் பிடித்து ஒவ்வோர் இல்லத்துக்கும் பிரியும். 1952இல் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் சத்திரத்தில் தொடங்கிய நிர்மல் ஹிருதய்க்குப் போகிறவருக்கு முதல் வேலை பெரும்பாலும் துணி துவைப்பது. நோயாளிகளின் போர்வை, சட்டை, விரிப்பு எல்லாம் தொட்டியில் ஊறிக் கிடக்கும். கையால் அலசி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று போர்வையை முறுக்கிப் பிழிந்து, மாடியில் காயப்போட வேண்டும். பிறகு பாத்திரம். பிறகு சோறு ஊட்டல். வியாழக்கிழமை விடுமுறை. பிழிந்த போர்வையின் கனத்தில் முதல் நாளே தோள் வலி கண்டுவிடும்.

இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன், ஒரே காரணத்துக்காக. வந்தவருக்கு என்ன தெரியுமோ அதற்கு மேல் அங்கே கொடுக்கவில்லை; துணி துவைக்க ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், துவைக்கும் கை நோயாளியின் பக்கம் நகரும்போது. 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதியது இதைத்தான்: மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் முடிவெடுக்கும் இடத்தில், குணமாக்கக்கூடிய நோயாளிக்கும் குணமாக்க முடியாதவருக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. கன்னியர் பதில் சொன்னார்கள், ஆதரவாளர்கள் கோபப்பட்டார்கள். ஆனாலும் கேள்வி நிற்கிறது. சாகக் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளப் படிப்பு வேண்டாம். அவர் உண்மையிலேயே சாகக் கிடக்கிறாரா என்று சொல்லப் படிப்பு வேண்டும்.

மருத்துவத்தில் சட்டமும் கறாராக இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவர் இலவச முகாம் என்றாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவு பெறாமல் ஊசி போட முடியாது. மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர், தன் ஊரில் நோயாளியைத் தனியாகத் தொட அனுமதி இல்லாதவர், இங்கே கிராம முகாமில் ரத்த அழுத்தம் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறார். ரத்த அழுத்தம் பார்க்க நம் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியாதா?

விசாவைப் பற்றி முதல்முறை வருகிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வது அதிகம். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத, அதிகபட்சம் 1 மாதத் தன்னார்வப் பணிக்கு இடம் உண்டு. அதற்கு மேல் தங்குவதானால் பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரைக் குறித்துத் தரப்படும் வேலைவாய்ப்பு விசா வேண்டும். சம்பளமே வாங்காதவருக்கு வேலைவாய்ப்பு விசாவா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். அந்த விசாவுக்குரிய குறைந்தபட்ச ஊதிய நிபந்தனை இவர்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சுற்றுலா விசாவில் மதப் பிரசாரம் கூடாது. பிடிபட்டால் விசா ரத்தாவதோடு நிற்காது; அழைத்த நிறுவனத்தின் கழுத்துக்கும் கயிறு வரும்.

அழைத்த நிறுவனத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று எல்லோரும் சொல்வது. கிராமத்தில் நெட்வொர்க் இல்லையென்றால் யாராவது பைக்கில் டவுனுக்குப் போக வேண்டும். குடிக்கக் கேன் தண்ணீர், காரமில்லாத குழம்பு, வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரி, இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக வெளியே போகும் பெண் பற்றிய கவலை. இத்தனையும் பார்க்க ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசக்கூடிய ஒரே களப்பணியாளர். அதாவது அதன் மிகச் சிறந்த ஊழியர். இரண்டு வார விருந்தாளிக்காக அவர் இரண்டு வாரம் தன் வேலையை விடுகிறார். பிறகு ஏன் அழைக்கிறார்கள்? வந்து போனவர் ஊருக்குப் போய் நன்கொடை திரட்டித் தருவார் என்ற எதிர்பார்ப்பு ஒரு காரணம். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுகியது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாகத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விருந்தாளியைப் பார்த்துக்கொள்ளும் செலவு எந்தக் கணக்கில் ஏறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் மோசமான சேதம் பிள்ளைகள் விஷயத்தில் நடக்கிறது. ஆதரவற்றோர் இல்லம்தான் முகமைகளின் விளம்பரத்தில் முதலில் நிற்பது. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமையால் கொண்டுவந்து விட்டவர்கள். பார்வையாளர் வந்தால் பணம் வரும் என்றால், பார்வையாளருக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டும். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது ஒரு தொழிலாகவே ஆனது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இதைப் பேர் சொல்லிக் கண்டித்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும் என்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையை மடியில் வைத்து எடுத்த செல்ஃபியைப் போடும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டத்தை விடுங்கள். ஓர் இல்லத்தில் மாலை நேரம் போய்ப் பாருங்கள். அன்று காலைதான் வந்திறங்கிய அந்நியரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான்கு வயதுப் பிள்ளை இறங்க மறுக்கும். வந்தவர் கண் கலங்கிவிடுவார். எவ்வளவு பாசம்! வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை அந்நியரைப் பார்த்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும், அதுதான் ஆரோக்கியம். பார்த்த எல்லோரிடமும் ஓடுகிற பிள்ளை, இதற்கு முன் பலர் வந்து பழகிவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை. பதினைந்தாம் நாள் இவரும் போவார். என்னைக் கேட்டால், குறுகிய காலத்துக்கு வருகிறவரைப் பிள்ளைகளின் இல்லத்துக்குள் விடவே கூடாது. இதில் நடுவழி எதையும் நான் பார்க்கவில்லை. பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர வருவதும் ஏறக்குறைய இதே கதை: ஒவ்வொரு குழுவும் அதே கலர்களின் பெயரையும் அதே பாட்டையும் முதலிலிருந்து தொடங்கும், வாத்தியார் தன் பாடத்தை நிறுத்திவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

பேரிடர் நேரத்தில் வருகிறவர்களைப் பற்றி நாகப்பட்டினத்துக்காரர்களிடம் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே வந்து குவிந்த பழைய துணி சாலையோரங்களில் மலைபோல் கிடந்தது; பாதிக்கப்பட்டவர்கள் அதைத் தொடவில்லை. மீனவருக்குப் படகு கொடுத்தால் நல்லது என்று ஆளாளுக்குக் கொடுத்ததில், பல ஊர்களில் இழந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்து சேர்ந்தன. ஓட்ட ஆள் இல்லை, பிடிக்க மீனும் பெருகவில்லை. அதே ஊரில் வேறொன்றும் நடந்தது. சில நாட்களிலேயே உள்ளூர் அமைப்புகள் கூடி ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்தக் கிராமத்தில் எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று பட்டியல் போட்டன. வெளியாள் ஒருவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்தப் பட்டியலின் முன்னால்தான்.

இனி, பலித்த இடம் ஒன்று. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லை ஒட்டி, 2003இல் ஓர் இஸ்ரேலியத் தம்பதி தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட். மண் அரித்துச் செம்பாறையாகக் கிடந்த நிலம். அந்தப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்பது அங்கே வேலை. வருகிறவர் விடியலில் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் குழி வெட்டி, வரப்புக் கட்டி, மூடாக்குப் போட வேண்டும். கை கழுவ அடியில் துளையிட்ட குவளை. ஒரு குவளை நீர் நூலாக இறங்கும். மரத்துக்கு யார் நட்டார் என்பது பொருட்டல்ல. இந்த வாரம் நட்டவர் போனால் அடுத்த வாரம் வந்தவர் தண்ணீர் ஊற்றலாம். யாருடைய மனமும் உடையாது. குறுகிய காலத்துக்கு வருகிறவருக்கு ஏற்ற வேலை எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தொழில் தெரிந்தவருக்கு வேறு கணக்கு: கணக்குத் தணிக்கை, பிசியோதெரபி, இணையதளம், நிதி விண்ணப்பம் எழுதுதல். இவற்றை மூன்று மாதத்தில் ஓர் உள்ளூர் ஊழியருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியும். ஆனால் இவை எதிலும் படம் எடுக்கக் காட்சி இல்லை. அதனால் விளம்பரத்திலும் இல்லை.

முதல்முறை வருகிறவரின் உடம்பு பற்றிச் சுருக்கமாக: டைபாய்டு, மஞ்சள் காமாலை ‘ஏ’ தடுப்பூசிகளை ஊரிலேயே போட்டுக்கொண்டு வருவது நல்லது. தெருநாய் கடித்தால் அன்றைக்கே ஊசி. வெட்டிவைத்த பழம் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளிக்கு வராமலிருப்பது மேல். மனசு பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம் எல்லாம் வியப்பு. மூன்றாம் வாரம் எல்லாவற்றின்மீதும் எரிச்சல். ஹாரன் சத்தம், வரிசையில் இடிப்பது, ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்பது. அந்த மூன்றாம் வாரத்தைத் தாண்டிய பிறகுதான் ஒருவர் எதற்காவது பயன்படுவார் என்பது, ஆட்களை ஏற்கும் நிறுவனத்தார் பலரும் சொல்லக் கேட்டது. இரண்டு வாரத் தொகுப்பு சரியாக அதற்கு முன்னால் முடிந்துவிடுகிறது.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் விசாக்கள் நிறுத்தப்பட்டன. ஜெர்மன் அரசு உலகெங்கும் இருந்த தன் தன்னார்வலர்களைத் திரும்ப அழைத்தது. சுற்றுலா விசா மறுபடி பரவலாகத் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் வெளியாட்கள் இல்லாமலே எந்தெந்த நிறுவனம் குறைவின்றி நடந்தது என்று அந்தந்த நிறுவனத்தாருக்குத் தெரியும். அதை அவர்கள் நன்கொடையாளரிடம் சொல்ல மாட்டார்கள்.

எதிர்த்திசைப் பயணமும் ஒன்று நடக்கிறது, இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. 2013 முதல் வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்திலேயே இந்தியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குத் தன்னார்வலர்களாகப் போகிறார்கள். மழலையர் பள்ளி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான பட்டறை. அங்கே ஓராண்டுச் சேவையில் 25 நாள் பயிலரங்குகள் கட்டாயம். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் தருகிறார்கள். ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். மதுரையிலிருந்து போகும் பெண் ஒருத்தி மழலையர் பள்ளியில் சேர்ந்தால், பயிற்சி பெற்ற ஆசிரியையின் கண்பார்வையில் பிள்ளைகளின் ஷூ லேஸைக் கட்டிவிடுவாள், சாப்பாட்டு மேசையைத் துடைப்பாள். வந்த முதல் வாரமே அவளிடம் ஒரு வகுப்பை ஒப்படைத்துவிட்டு, இனி நீதான் டீச்சர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.